இமை இல்லாதவை

ஆறாம் கூண்டில் இருக்கும் கேமராவுக்கு
ஒரே வேலை,
பேன் பார்ப்பது.

நவம்பர் முடிவில் இங்கே சூரியன்
விடுப்பில் போய்விடும், ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
நார்வேயின் வடக்கு அப்படி.
அதுவரை தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொண்டு
எட்டு மீட்டர் ஆழத்தில் அது பேன் பார்க்கிறது
ஒன்றரை லட்சம் சால்மன்களுக்கு.

நான் கரையில், பன்னிரண்டு திரைகளுக்கு எதிரே,
கம்பளிக் காலுறையோடு.
சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கும்.
செதிலில் ஓர் இடத்தை மஞ்சள் சதுரம் கட்டிக் காட்டும்:
பேன்தானா?
இல்லை, மச்சம்.
இல்லை, பழைய தழும்பு.
இல்லை, மிதக்கும் தீவனத் துணுக்கு.
ஆம்.
ஆம், பெண்தான். வாலில் முட்டைச் சரம் இரண்டு தெரிகிறதே.

முன்பு வாரம் இருபது மீனை அள்ளி
மயக்கி, கையால் புரட்டி,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினோம்.
மாலையில் விரல்கள் யாருடையவோ போலிருக்கும்.
அந்த நாட்கள் திரும்ப வேண்டாம்.

இரண்டு மீனுக்கு ஒரு பேன், அதுதான் வரம்பு.
தாண்டினால் படகு வரும்,
மொத்தக் கூண்டுக்கும் வெந்நீர்க் குளியல்,
மறுநாள் சில நூறு வெள்ளை வயிறுகள் மேலே.
ஆகவே என் 'ஆம்' கொஞ்சம் மெதுவாகத்தான் விழும்.

கன்னத்துப் புள்ளிகளை வைத்து
அதற்கு எல்லா மீனையும் தனித்தனியாகத் தெரியும்.
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 40718.
கீழ்த்தாடை இடப்பக்கம் கோணல்,
எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல.
மணிக்கு ஒருமுறையாவது வந்து கண்ணாடியை முறைக்கும்.
இமை இல்லாதது ஒன்று
இமை இல்லாத இன்னொன்றை.

அக்டோபரில் மருத்துவமனைக்குப் போனேன், சர்க்கரைக்காக.
கண் மருத்துவர் செவ்வாய் மட்டும் வருவார், அன்று வியாழன்.
"தாடையை இங்கே வையுங்கள், இமைக்காதீர்கள்"
என்றாள் ஓஸ்ஹில்ட்.
மூன்று நொடி.
திரையில் என் விழித்திரை, ஆரஞ்சு நிறக் கடல்,
அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி,
அதைச் சுற்றி
அதே மஞ்சள் சதுரம்.

என் புள்ளியைப் போல ஆயிரம் புள்ளிகளுக்கு
ஆம், இல்லை என்று முன்பே சொல்லிக்கொடுத்தவர்
எங்கே உட்கார்ந்திருந்தாரோ.
காபி ஆறியிருந்ததோ.
பணி முடிய ஐந்து நிமிடம் இருந்ததோ.

திரும்பும் வழியில் படகுத்துறைக் கம்பம்
என் காரின் எண்ணைப் படித்து வழிவிட்டது.
கடைத் தராசு வாழைப்பழத்தைப் பார்த்து
வாழைப்பழமா என்றது.
ஆம் என்று உரக்கவே சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர் சிரித்தார்.

போன வாரம் பாதிக் கூண்டைக் குழாயில் உறிஞ்சிக்கொண்டு போனார்கள்.
ஃபியோர்டுக்கு அக்கரையில் ஆலை. அங்கே டைனியுஸ் இருக்கிறான்.
கோணல் தாடை வந்தால் சொல் என்றேன்.
"போர்க்ஹில்ட், நொடிக்கு மூன்று மீன்" என்றான்.
"நான் பார்ப்பதே இல்லை, அதுதான் பார்க்கிறது.
முதல் தரம் நேரே போகும்,
கோணல், காயம் எல்லாம் மூன்றாம் சரிவில் விழும்.
அங்கே அவற்றுக்கு முகம் இருக்காது, துண்டுதான்."

அந்தக் கேமரா வேறு கம்பெனி.
இந்தக் கேமராவோடு பேசாது.
அதனால் இது தேடுகிறது.
இன்று காலை மஞ்சள் எழுத்தில் கேட்டது:
40718, ஆறு நாளாகக் காணவில்லை.
பட்டியலிலிருந்து நீக்கவா?

ஆம், இல்லை தவிர
'பிறகு' என்றும் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
பிறகு என்ற பட்டியலில் ஏற்கெனவே இருநூற்றுப் பன்னிரண்டு,
மார்ச்சில் மேலாளர் கேட்பார்.
என் கண்ணுக்கும் ஏப்ரலில்தான் தேதி.

அடுத்த சதுரம் வந்துவிட்டது.
இல்லை,
அது வெறும் குமிழி.